கடல் இல்லாத மாவட்டத்துப் பிள்ளைகளுக்காக: சுற்றுலாப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு பேருந்து ஓட்டுநரின் திறந்த மடல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சுற்றுலாப் பேருந்து ஓட்டுகிறேன். அதில் பாதிக்கு மேல் பள்ளிக்கூட வண்டிதான். உங்களில் பலர் என் வண்டியின் முன் சீட்டில் தூங்காமல் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்திருக்கிறீர்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்கே போகலாம் என்று பட்டியல் போட ஆரம்பிப்பீர்கள். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

இந்த ஆண்டு பிள்ளைகளைக் கடல் சம்பந்தப்பட்ட ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். போகிறபோது, நின்று விளக்கிச் சொல்கிற ஓர் ஆளோடு போங்கள். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், ஒதுக்காமல் போனதையும் பார்த்திருக்கிறேன், ஒதுக்கிப் போனதையும் பார்த்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளி. பெயர் வேண்டாம். இரண்டு நாளில் வேளாங்கண்ணி, நாகூர், தரங்கம்பாடி, பூம்புகார், பிச்சாவரம், சிதம்பரம். தரங்கம்பாடிக் கோட்டைக்குள் இருக்கிற அருங்காட்சியகத்தின் வாசலில் நான் வண்டியை நிறுத்தியபோது மணி பதினொன்றே கால். எப்போதும்போல நான் வண்டியிலேயே இருந்தேன். பதினொன்று நாற்பதுக்கு எல்லாப் பிள்ளைகளும் திரும்பி வந்துவிட்டார்கள். ஐம்பத்திரண்டு பேர் ஒரே வரிசையாக உள்ளே போய், கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்தபடியே நடந்து, அடுத்த வாசலில் வெளியே வந்திருக்கிறார்கள். உள்ளே என்ன பார்த்தாய் என்று ஒரு பையனைக் கேட்டேன். "பழைய தட்டுங்கண்ணா" என்றான். அவன்மேல் தப்பில்லை. ஆசிரியர்மேலும் நான் குறை சொல்ல மாட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு இடம் முடிக்க வேண்டியிருந்தது, அவர் என்ன செய்வார்?

பிறகு ஒரு கல்யாண வண்டி எடுத்துக்கொண்டு மயிலாடுதுறை போனேன். இரண்டு நாள் காத்திருக்கிற வேலை. டவுன் பஸ் ஏறித் தரங்கம்பாடிக்குத் தனியாகப் போய், அந்தக் கோட்டைக்குள் முதல் தடவையாக நானே நுழைந்தேன். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துவிட்டு, அங்கே இருந்த ஒரு பெரியவர் தானாக வந்து பேச ஆரம்பித்தார். 1620ல் டென்மார்க்கிலிருந்து ஓவ யெட்ட என்கிற தளபதி கப்பலில் வந்ததையும், தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் ஒப்பந்தம் போட்டுக் கோட்டை கட்டியதையும் சொன்னார். 1845ல் டேனிஷ்காரர்கள் இதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்களாம். அதையெல்லாம் பலகையிலும் படித்துக்கொள்ளலாம். ஆனால் அப்புறம் என்னைச் சுவரோரம் கூட்டிப் போய் அலையைக் காட்டினார். "இங்கே துறைமுகம் கிடையாது தம்பி. பெரிய கப்பல் கரைக்கு வராது. அதோ, அந்தத் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். நம்ம ஊர்க்காரன் சின்னப் படகை அலைக்குள் விட்டு, மூட்டையும் ஆளும் ஏற்றி இறக்குவான். அவன் இல்லாவிட்டால் இந்தக் கோட்டையே இல்லை" என்றார்.

அலை அங்கேயேதான் இருந்தது. கோட்டையும் அங்கேயேதான் இருந்தது. அவர் கையை நீட்டிச் சொன்னபிறகுதான் இரண்டுக்கும் நடுவில் படகு எனக்குத் தெரிந்தது.

இன்னொன்றும் சொன்னார். 1706ல் இங்கே வந்த பாதிரியார் சீகன்பால்கு, தமிழ் கற்றுக்கொண்டு, பைபிளின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்து இங்கேயே 1715ல் அச்சடித்து முடித்தார். அச்சு இயந்திரமும் ஐரோப்பாவில் வார்த்த தமிழ் எழுத்துகளும் கப்பலில்தான் வந்து இறங்கின, அதே அலையைத் தாண்டி. ஆசிரியர்களே, நீங்கள் தினமும் அச்சடித்த தமிழ்ப் புத்தகத்தோடு வகுப்புக்குப் போகிறீர்கள். தமிழ் எழுத்து ஈயத்தில் வார்க்கப்பட்டுக் கடலில் வந்த கதையை அந்த ஐம்பத்திரண்டு பேரில் ஒருவருக்காவது அன்று யாராவது சொல்லியிருந்தால், பழைய தட்டு என்று அந்தப் பையன் சொல்லியிருக்க மாட்டான்.

அடுத்த நாள் பூம்புகார் போனேன். எங்கள் ஊர் காவேரிப்பட்டணம், அது காவிரிப்பூம்பட்டினம். சின்ன வயதில் பாடத்தில் அந்தப் பெயர் வந்தபோது எங்கள் ஊரைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் ஓடுவது தென்பெண்ணை. அது கடலூர்ப் பக்கம் போய்க் கடலில் சேர்கிறது. காவிரி ஒகேனக்கல் வழியாக வந்து பூம்புகாரில் சேர்கிறது. நம் இரண்டு மாவட்டத்துக்கும் கடல் இல்லை, ஆனால் நம் இரண்டு ஆறும் கடலுக்குத்தான் போகின்றன. இதை ஒரு வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினாலே ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும்.

பூம்புகாரில் கடலடி ஆய்வைப் பற்றி விளக்கிய ஊழியர் ஒரு விஷயம் சொன்னார். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோவாவிலிருக்கும் தேசியக் கடலியல் நிறுவனத்துக்காரர்களும் நம் மாநிலத் தொல்லியல் துறையும் சேர்ந்து அந்தக் கடலில் முக்குளித்துத் தேடியபோது, 19 மீட்டர் ஆழத்தில் முழுகிக் கிடந்த ஒரு கப்பலைப் பார்த்தார்களாம். அதில் காரீயக் கட்டிகள். கட்டியின்மேல் ஓர் ஆங்கிலேயப் பெயரும் 1791, 1792 என்று ஆண்டும் பதித்திருந்ததாம்.

அவர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். நான் அந்த ஆண்டிலேயே நின்றுவிட்டேன். 1791, 1792 என்றால் நம் ஊரில் என்ன நடந்துகொண்டிருந்தது? மூன்றாம் மைசூர்ப் போர். 1791 ஜூலையில் ஓசூரையும் ராயக்கோட்டையையும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை திப்பு சுல்தானிடமிருந்து பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கிப் பார்த்து, மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியது. 1792ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் போட்ட உடன்படிக்கையில்தான் பாராமகால், அதாவது நம் சீமை, கம்பெனிக்குப் போனது. காரீயம் என்றால் அன்றைக்குத் துப்பாக்கிக் குண்டு வார்க்கிற உலோகம். நம் மலைக்கோட்டையைச் சுற்றிக் குண்டு பறந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் முத்திரை குத்திய ஈயம் பூம்புகார் கடலில் முழுகியிருக்கிறது. தினமும் அந்த மலையடியில் வண்டி ஓட்டுகிறவன் நான். அன்றைக்கு அந்த மலையை நினைத்தபோது, கடலோடு சேர்த்துத்தான் நினைத்தேன்.

இந்த மாதிரி ஒரு முடிச்சு ஒவ்வொரு பிள்ளைக்கும் விழ வேண்டும் என்பதுதான் என் ஆசை. பாறையும் மாந்தோப்புமாக இருக்கிற ஊரிலிருந்து போகிற பிள்ளைக்குக் கடல் யாரோ ஒருவருடைய கதையாகத் தெரியக் கூடாது.

ஒதுக்கிப் போன சுற்றுலாவையும் சொல்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள். விசாகப்பட்டினம், அரக்கு. ஆயிரம் கிலோமீட்டருக்கு முன்னப்பின்ன வரும், நாங்கள் இரண்டு ஓட்டுநர்கள் மாறி மாறி ஓட்டினோம். அந்த ஆசிரியை புறப்படும்போதே சொல்லிவிட்டார்: "அண்ணா, நீர்மூழ்கிக் கப்பலுக்கு ஒரு சாயங்காலம் முழுசா வேணும். அன்னைக்கு வேற எடம் கிடையாது. நீங்களும் உள்ள வாங்க, பசங்கள ரெண்டு பக்கமும் பார்த்துக்க ஆள் வேணும்."

குர்சுரா என்பது அதன் பெயர். ராமகிருஷ்ணா கடற்கரையில் மணல்மேல் தூக்கி வைத்திருக்கிறார்கள். சோவியத் நாட்டில் கட்டியது. 1969 டிசம்பரில் நம் கடற்படையில் சேர்ந்தது, 1971 போர்க்காலத்தில் கடலில் ரோந்து போனது, 2001ல் ஓய்வு பெற்றது, 2002ல் அருங்காட்சியகம் ஆனது. நீளம் 91 மீட்டர். என் வண்டி 12 மீட்டர். ஏழரை வண்டியை வரிசையாக நிறுத்தினாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள்.

அங்கே விளக்கம் சொல்பவர்கள் கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். எங்களுக்கு வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல். பதினைந்து பதினைந்து பேராகத்தான் உள்ளே விட்டார். அவர் பேசியது தெலுங்கு. ஆசிரியைக்குக் கவலையாகிவிட்டது. ஆனால் நம் மாவட்டத்தை மறந்துவிட்டோமே! ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்கு வீட்டில் தெலுங்குதான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண், வீட்டில் பேசுகிற பேச்சு என்பதால், அவர் சொன்னதை வரிக்கு வரி தமிழில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆசிரியை அவளை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் முறை என்று என்னிடம் பிறகு சொன்னார்.

முன்பக்கம் டார்பிடோ அறை, அதாவது தண்ணீருக்குள் பாய்ந்து போய்க் கப்பலைத் தாக்குகிற குண்டு வைக்கிற அறை. அந்தக் குழாய்களுக்குப் பக்கத்திலேயே படுக்கை. "குண்டுக்கும் எனக்கும் ஒரே அறை" என்றார் அவர். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போக வட்டமான ஓட்டை, குனிந்து காலை முதலில் விட்டு நுழைய வேண்டும். அது ஏன் அப்படி என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. "ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் இந்தக் கதவை மூடித் திருகிவிடுவோம். மற்ற அறை பிழைக்கும்" என்றார். உள்ளே இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று ஒரு பையன் கேட்டான். அவர் பதில் சொல்லாமல் கதவின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பதினைந்து பேரும் பேசவில்லை. இந்த மௌனத்தை எந்தப் பலகையில் எழுத முடியும்?

இன்ஜின் அறையில் நான் என்னை மறந்து முன்னால் போய்விட்டேன். மூன்று டீசல் இன்ஜின், மூன்று மின் மோட்டார். டீசல் எரிய வேண்டுமென்றால் காற்று வேண்டும், தண்ணீருக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? அதனால் உள்ளே முழுகினால் பேட்டரியில் மோட்டார் ஓடும். பேட்டரி இறங்கினால் மேலே வந்து டீசலை ஓட்டி மறுபடி ஏற்ற வேண்டும். மேலே வருகிற அந்த நேரம்தான் எதிரி கண்ணில் படுகிற நேரம். இருபது வருடமாக டீசல் இன்ஜினோடு வாழ்கிறவனுக்கு, இன்ஜினுக்கு மூச்சு விட ஒருவன் உயிரைப் பணயம் வைத்து மேலே வருகிறான் என்பது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகளுக்குத் தைத்தது வேறு இடம். எழுபது பேருக்கு மேல் வாழ்ந்த அந்தக் கப்பலில் நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழிப்பார்கள், குளியல் என்பதே அபூர்வம் என்று அவர் சொன்னார். பென்னாகரம் பக்கத்துப் பையன் ஒருவன் உடனே, "ஒரு ஆளுக்கு எத்தனை குடம் தாத்தா?" என்றான். அவர் சிரித்துவிட்டு ஒரு செம்பு அளவைக் கையால் காட்டினார். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் 2013ல் வருவதற்கு முன்னால், ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை ஏறிய வீடுகள் அவை. குடத்துக்கு வரிசையில் நின்ற அம்மாக்களின் பிள்ளைகள். சுற்றிலும் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை என்பது என்னவென்று அந்தப் பையனுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேள்வி கேட்க ஓர் ஆள் எதிரில் இருந்தார், அவன் கேட்டான். கண்ணாடிப் பெட்டியிடம் யார் எத்தனை குடம் என்று கேட்பார்கள்?

எல்லாரும் விசாகப்பட்டினம் போக முடியாது என்று எனக்கும் தெரியும். ஆளுக்கு எவ்வளவு ஆகும் என்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். நான் கேட்பது, இரண்டு நாளில் ஆறு இடம் என்பதை இரண்டு நாளில் இரண்டு இடம் என்று மாற்றுங்கள் என்பதுதான். பூம்புகார் ஒரு நாள், தரங்கம்பாடி ஒரு நாள். பூம்புகாருக்குப் பக்கத்திலேயே கீழையூர் இருக்கிறது. 1960களில் அங்கே மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல்லால் கட்டிய படகுத்துறையும், படகைக் கட்ட நட்ட மரக்கம்பங்களும் கிடைத்தன. அந்தக் கம்பத்தின் வயதைக் கணித்தால் சுமார் கி.மு. மூன்றாம் நூற்றாண்டுக்குப் போகிறது. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நம் ஒகேனக்கல் பரிசல்காரர் எதில் கட்டுகிறார், அவர்கள் எதில் கட்டினார்கள் என்று பேசினால் போதும். ஓட்டுநராக இன்னொன்றும் சொல்கிறேன்: இடம் குறைந்தால் இரவு ஓட்டம் குறையும். அரைத்தூக்கத்தில் ஓட்டுகிற ஓட்டுநரின் கையில் உங்கள் ஐம்பது பிள்ளைகள் இருக்க வேண்டாம்.

முன்கூட்டியே அந்த அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்த நாள், விளக்கிச் சொல்ல ஆள் கிடைக்குமா என்று. பெரும்பாலும் யாராவது கிடைப்பார்கள். கேட்டு வருகிற பள்ளி குறைவு என்பதால் கேட்டாலே சந்தோஷப்படுகிறார்கள். வார விடுமுறை எந்த நாள் என்பதையும் அந்தக் கடிதத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள், இடத்துக்கு இடம் நாள் மாறும். மூடிய கேட்டுக்கு முன்னால் ஐம்பது பிள்ளைகளோடு நின்ற அனுபவம் எனக்கு உண்டு, அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். பதினைந்து இருபது பேராகப் பிரித்து அனுப்புங்கள். மிச்சப் பேர் வெளியில் காத்திருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஆள் கிடைக்கவில்லை என்றால்? நீங்களே சொல்லுங்கள். ஒரு தமிழாசிரியர் இதை எனக்குக் காட்டிக் கொடுத்தார். பாலக்கோடு சர்க்கரை ஆலைப் பக்கம் வண்டி போய்க்கொண்டிருந்தது. அவர் எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினார். பாட்டுப் போடப் போகிறார் என்று பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர், "இந்தக் கரும்பு நம்ம ஊருக்கு எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். புறநானூற்றில் 99ஆம் பாட்டு. ஔவையார் நம் தகடூர் அதியமானைப் பாடுகிறபோது, உன் முன்னோர்கள் கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் என்று சொல்கிறார். விண்ணுலகத்திலிருந்து கொண்டுவந்ததாகப் பழைய உரை சொல்லும். கடல் கடந்த நாட்டிலிருந்து வந்தது என்று கொள்கிற அறிஞர்களும் உண்டு. "அப்போ யார் கப்பல்ல ஏறினது?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். தொப்பூர் இறக்கம் வரைக்கும் பிள்ளைகள் அதையே பேசிக்கொண்டு வந்தார்கள். கரும்பு லாரி பின்னால் ஓடி ஒரு கழியை உருவுகிற பிள்ளைகள்தான் அவர்கள். அதிலேயே ஒரு கடல் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள்.

கடல் நமக்கு இன்றைக்கும் தூரம் இல்லை. என் தம்பி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆலைகளிலிருந்து பெங்களூரா மாங்கூழை டிரம் டிரம்மாக ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தில் விடுகிறான். அங்கிருந்து அரபு நாடுகளுக்கும் ஐரோப்பாவுக்கும் கப்பலில் போகிறது. அந்த மாங்காயைப் பறித்துக் கூடையில் போட்டவர்கள் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மாதான். அந்தப் பிள்ளை ஒரு கப்பல் மாதிரியின் முன்னால் நிற்கும்போது, சரக்கு எங்கே அடுக்குவார்கள், எத்தனை நாள் ஆகும், வழியில் கெட்டுப்போகாதா என்று கேட்க அவனுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது.

புறப்படுவதற்கு முந்தின வாரம் ஒரு நாள் ஒகேனக்கல்லுக்கு வாருங்கள். சுற்றிப் பார்க்க இல்லை. பரிசல் பின்னுகிற ஒருவர் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வையுங்கள். மூங்கிலைப் பிளந்து கூடை மாதிரி பின்னி, அந்தக் காலத்தில் தோலைப் போர்த்தினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்புப் போட்டுத் தார் பூசுகிறார்கள். வட்டமாக இருப்பது சுழலில் எப்படி நிற்கிறது, ஒரே துடுப்பால் எப்படி நேராகப் போகிறது என்று அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. அதைக் கேட்ட பிள்ளை அதே காவிரியின் கடைசியில் போய்ப் பூம்புகாரில் நிற்கட்டும்.

இந்த ஆண்டு என் வண்டியை எடுக்கிற பள்ளிகளுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். அருங்காட்சியக வாசலில் வண்டி எத்தனை மணி நேரம் நின்றாலும் காத்திருப்புக் கட்டணம் வாங்க மாட்டேன். வண்டி முதலாளியிடம் பேசிவிட்டேன், அவரும் சரி என்றார். ஹாரன் அடித்து அவசரப்படுத்தவும் மாட்டேன். முடிந்தால் என்னையும் ஒரு பதினைந்து பேரோடு உள்ளே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
காவேரிப்பட்டணத்திலிருந்து,
உங்கள் பிள்ளைகளின் டிரைவர் அண்ணன்.